கட்டங்களாகிப்போன கொள்ளுப்பாட்டி

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். ஆனால், அதில் மூன்று சிக்கல்களும் ஒரு பயமும் இருக்கின்றன.

“என் அப்பாவுக்கு 80 வயது. ஆறு வருஷமாக வீட்டிலிருக்கும் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் ‘கிராம்ப்ஸ்’ என்ற சாஃப்ட்வேரை வைத்து எங்கள் குடும்ப மரத்தைச் சேர்த்துவந்தார். கொள்ளுத்தாத்தா தொடங்கி அண்ணன் பேரன் வரை 214 பேர். அடுத்த மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். மரத்தைப் பெரிதாக அச்செடுத்து மண்டபத்தில் மாட்டலாம் என்று நினைத்தோம். பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோவதால், விண்டோஸ் லேப்டாப்பில் அதே கிராம்ப்ஸை இன்ஸ்டால் செய்து, அப்பா எடுத்துவைத்திருந்த பேக்கப் ஃபைலைக் கொண்டுவந்தோம். ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு போட்டோகூட வரவில்லை. மரத்தை வரையச் சொன்னால், கொள்ளுப்பாட்டி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். பழைய கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மொபைலில் திறந்தால், பெயர்கள் பெட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பாவுக்கு இப்போது பழைய பெயர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. மறுபடி கேட்டு எழுத முடியாது. எல்லாம் போய்விட்டதா?”

போகவில்லை சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் 214 பேரும் பத்திரமாக இருக்கிறார்கள். போட்டோக்களும் பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். ஆனால், அடுத்த சில நாள்களில் நீங்கள் அழுத்தும் பட்டன்களைப் பொறுத்துதான் அவை இனியும் பத்திரமாக இருக்குமா என்பது தெரியும். அதனால், முதலில் இரண்டு ‘வேண்டாம்’கள்.

ஒன்று, பழைய கம்ப்யூட்டரை இப்போதைக்கு ஃபார்மேட் செய்ய வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவும் வேண்டாம்.

இரண்டு, கிராம்ப்ஸில் தகவல்களைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் ஒரு கருவி இருக்கிறது. காணாமல்போன போட்டோ ஒன்று கண்ணில் பட்டால் அது உங்களிடம் கேட்கும்: ‘இந்தப் போட்டோவின் குறிப்பை நீக்கிவிடவா, அப்படியே வைத்திருக்கவா, அல்லது வேறு ஃபைலைக் காட்டுகிறீர்களா?’ அப்போது ‘நீக்கு’ என்பதை அழுத்தாதீர்கள். அழுத்தினால், எந்தப் போட்டோ யாருடையது என்று அப்பா உட்கார்ந்து பொருத்திவைத்த இணைப்பு போய்விடும். போட்டோ பிறகு கிடைக்கும். அதில் நிற்பவர் யார் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.

இனி, ஏன் இப்படி ஆனது என்று பார்க்கலாம். காரணம் புரிந்துவிட்டால் சரிசெய்வது எளிது. குடும்ப மரம் மட்டுமல்ல, ஒரு கம்ப்யூட்டரில் வரைந்த எந்தப் படத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இது உதவும்.

லாரியில் வருவதும் வராததும்

கிராம்ப்ஸ் ஓர் இலவச மென்பொருள். 2001-ல் லினக்ஸுக்காக எழுதத் தொடங்கப்பட்டது. முதல் நிலையான பதிப்பு 2004-ல் வந்தது. விண்டோஸ், மேக் கம்ப்யூட்டர்களுக்கு அது பிறகுதான் போனது. ஓர் இயங்குதளத்துக்காக எழுதிய மென்பொருளை இன்னோர் இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றிக்கொடுப்பதற்கு ‘போர்ட்டிங்’ என்று பெயர்.

இந்தக் கதையில் இன்னொரு பாத்திரமும் உண்டு. உறவு வரைபடங்களை கிராம்ப்ஸ் தானே வரைவதில்லை. ‘கிராஃப்விஸ்’ என்ற இன்னொரு மென்பொருளிடம் அந்த வேலையை ஒப்படைக்கிறது. கிராஃப்விஸ், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பிறந்தது. அது படம் வரையும் முறையை கான்ஸ்னர், கூட்சோஃபியோஸ், நார்த், வோ ஆகிய நால்வர் 1993-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். முதலில் யார் எந்த வரிசையில் என்று பிரிக்கும். அடுத்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறையும்படி அந்த வரிசைக்குள் ஆட்களை இடம் மாற்றும். பிறகு ஒவ்வொருவருக்கும் சரியான இடத்தைக் கணக்கிடும். கடைசியில்தான் கோடு போடும்.

நம் குடும்பங்களுக்கு இப்படி ஒரு கருவி அவசியம். அத்தை மகனைக் கட்டியவர், தாய்மாமனைக் கட்டியவர் என்று இருக்கும் வீட்டில், குடும்ப மரம் உண்மையில் மரமாக இருப்பதில்லை. கிளைகள் திரும்பிவந்து தமக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். கையால் வரைந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

சரி, அதே கிராம்ப்ஸ், அதே கிராஃப்விஸ். பிறகு ஏன் படம் மாறுகிறது?

வீடு மாற்றும்போது பீரோ, கட்டில், பாத்திரங்கள் எல்லாம் லாரியில் வந்துவிடும். சுவரில் அடித்த ஆணி வராது. தண்ணீர்க் குழாய் வராது. பழைய வீட்டு முகவரியும் புது வீட்டுக்குச் செல்லாது. மென்பொருளும் அப்படித்தான். கணக்குப் போடும் அறிவைத் தன்னோடு எடுத்துவரும். எழுத்துகளின் வடிவம், ஃபைல்களின் முகவரி, தேதி எழுதும் வழக்கம் ஆகியவற்றை, தான் குடியேறும் இயங்குதளத்திடம்தான் கடன் வாங்கும். உங்கள் மூன்று சிக்கல்களும் அந்தக் கடன் வாங்கிய இடங்களில்தான் வந்திருக்கின்றன.

கட்டமா, கேள்விக்குறியா?

கம்ப்யூட்டருக்குள் ‘அ’ என்பது ஒரு படமல்ல, ஓர் எண். யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் உண்டு. அந்த எண்ணுக்கு வடிவம் கொடுப்பதுதான் ஃபாண்ட். பெயரைப் பதிவுசெய்யும்போது எண்கள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன.

ஆகவே, பெயர் கெட்டுப்போய்த் தெரிந்தால் எப்படிக் கெட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். நான்கு விதங்கள் உண்டு.

*கட்டம் கட்டமாகத் தெரிந்தால்,* நிம்மதியாக இருங்கள். எண் பத்திரமாக இருக்கிறது, வடிவம் கொடுக்கத்தான் ஃபாண்ட் கிடைக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் கொள்ளுப்பாட்டியின் நிலை இதுதான்.

*கேள்விக்குறிகளாகத் தெரிந்தால்* கவலைப்பட வேண்டும். யாரோ அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து ‘ஆன்சி’ என்ற பழைய முறையில் சேமித்திருக்கலாம். விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி அட்டவணையே கிடையாது. அதனால், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்டுவிடும். எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்தாக இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பழைய பேக்கப் ஒன்றுதான் வழி.

*கொம்பும் காலும் பிரிந்து நின்றால்* எண்ணும் இருக்கிறது, ஃபாண்ட்டும் இருக்கிறது, அவற்றைச் சேர்த்துக் கோக்கும் பகுதிதான் இல்லை. ‘கொ’ என்று எழுத ககரத்துக்கு இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் போக வேண்டும். இந்தக் கோக்கும் வேலையைச் செய்யும் நிரல் விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று. கிராஃப்விஸுக்குள்ளும் படம் வரைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. அவற்றில் ‘ஜிடி’ என்ற பழைய வழிக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. ‘கெய்ரோ’ என்ற வழிக்குத் தெரியும்.

*ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குழம்பித் தெரிந்தால்,* அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற ஃபாண்ட்டில் அடித்ததாக இருக்கும். இதற்கென்று இருக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோடாக மீட்டுவிடலாம்.

இப்போது உங்கள் கட்டங்களுக்கு வைத்தியம். லினக்ஸில் தமிழுக்குப் பெரும்பாலும் லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட் இருக்கும். விண்டோஸில் நிர்மலா இருக்கும். மேக்கில் இணைமதி, தமிழ் சங்கம் போன்றவை இருக்கும். ஓர் இடத்தில் இருப்பது இன்னோர் இடத்தில் இல்லை. பல வருஷம் விண்டோஸோடு வந்துகொண்டிருந்த லதா ஃபாண்ட்கூட, விண்டோஸ் 10-ல் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கூடுதல் ஃபாண்ட் பட்டியலுக்குப் போய்விட்டது.

எனவே, எல்லா இடத்திலும் ஒரே ஃபாண்ட்டை வைத்துக்கொள்வதுதான் நல்லது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இன்ஸ்டால் செய்யலாம். விண்டோஸில் ஃபாண்ட் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவினால் சில மென்பொருள்களின் கண்ணுக்கு அந்த ஃபாண்ட் படாது. பிறகு கிராம்ப்ஸை மூடித் திறந்து மறுபடி வரையச் சொல்லுங்கள்.

வரைபடத்தின் விருப்பங்களில் ஃபாண்ட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு. இயல்பான ஃபாண்ட், ஹெல்வெட்டிகா, ஃப்ரீசான்ஸ் என்று அதில் இருக்கும். ஃப்ரீசான்ஸ் பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும். விண்டோஸோடு வராது. அதனால், முதலில் இயல்பானதை வைத்துப் பாருங்கள்.

அப்படியும் கட்டம் வந்தால், படமாகச் சேமிக்காமல் ‘கிராஃப்விஸ் ஃபைல்’ என்ற வடிவத்தில் சேமியுங்கள். அது வெறும் எழுத்து ஃபைல்தான். நோட்பேடில் திறந்து, ஃபாண்ட் பெயர் இருக்கும் இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஆங்கிலத்தில் மாற்றி, யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, கிராஃப்விஸிடம் நேராகக் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை.

பெட்டிக்கு வெளியே போன மீனாட்சிசுந்தரம்

உங்கள் மொபைலில் பெயர் ஏன் பெட்டியை விட்டு நீள்கிறது?

கிராஃப்விஸ் படம் வரைவதற்கு முன்பே ஒவ்வொரு பெயரும் எத்தனை அகலம் என்று அளந்துவிடும். அந்த அளவுக்குத்தான் பெட்டி செய்யும். எந்த ஃபாண்ட்டில் அளக்கும்? அது ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் கிடைக்கிற ஃபாண்ட்டில். அப்பாவின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் லோகித்தில் அளந்து தைத்த சட்டை அது.

அந்தப் படத்தை எஸ்விஜி என்ற வடிவத்தில் சேமித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எஸ்விஜி ஃபைலில் பெட்டி இத்தனை அகலம் என்பது எழுதப்பட்டிருக்கும். பெயர் எழுத்தாகவே இருக்கும். எழுத்தின் வடிவம் மட்டும் உள்ளே இருக்காது. மொபைல் அதைத் திறக்கும்போது தன்னிடம் இருக்கும் ஃபாண்ட்டில் பெயரைப் போடுகிறது. ‘ராமு’ என்ற பெயருக்கு வித்தியாசம் தெரியாது. ‘மீனாட்சிசுந்தரம்’ என்றால், ஒவ்வோர் எழுத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய அகலம் கடைசியில் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், கூரியர் நியூ மூன்றுக்கும் அகலம் துளியும் மாறாத மாற்று ஃபாண்ட்களை, லிபரேஷன் என்ற பெயரில் ரெட் ஹேட் நிறுவனம் 2007-ல் இலவசமாகக் கொடுத்தது. வடிவம் சற்று வேறாக இருந்தாலும், ஒவ்வோர் எழுத்தும் எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்றுதான். அதனால், ஆங்கிலப் படம் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனாலும் பெட்டி உடையாது. நிர்மலாவுக்கோ லதாவுக்கோ அப்படி ஓர் இரட்டை லினக்ஸோடு வருவதில்லை. தமிழ்ப் பெயர்கள் அதிகம் நீட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு எளிது. பிறருக்கு அனுப்பும் படத்தை எஸ்விஜியாக அனுப்பாதீர்கள். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கெய்ரோ வழியில் செய்யும் பிடிஎஃப்புக்குள் தேவையான எழுத்து வடிவங்களும் சேர்ந்தே போகும். பிஎன்ஜி வெறும் புள்ளிகளால் ஆன படம் என்பதால் அதற்கு ஃபாண்ட்டே தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் வரையும் படத்தில், முன்பு இடப்பக்கம் இருந்த சித்தப்பா குடும்பம் வலப்பக்கம் போயிருக்கலாம். பயப்படாதீர்கள். பெட்டிகளின் அகலம் மாறினாலோ, கிராஃப்விஸின் பதிப்பு மாறினாலோ இடம் மாறும். கோடு யாரோடு யாரைச் சேர்க்கிறது என்பதுதான் உறவு. அது மாறியிருக்காது.

போட்டோவுக்குப் பதில் முகவரி

பலர் அறியாத விஷயம் இது. கிராம்ப்ஸின் தகவல் ஃபைலுக்குள் போட்டோ இருப்பதில்லை. போட்டோ எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். அப்பாவின் கம்ப்யூட்டரில் அந்த முகவரி ‘ஹோம்’ என்ற ஃபோல்டரில் தொடங்கும். விண்டோஸில் ‘சி’ டிரைவிலிருந்து தொடங்கும். மேக்கில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் தொடங்கும். பழைய தெருவின் பெயரை வைத்துப் புது ஊரில் வீடு தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஒருமுறை எழுந்து நிற்குமானால். அதில் கிராம்ப்ஸைத் திறந்து, பேக்கப் எடுக்கும்போது போட்டோக்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது ‘ஜிபிகேஜி’ என்று முடியும் ஒரே மூட்டையாக ஃபைல் வரும். அதில் ஆட்கள், குறிப்புகள், போட்டோக்கள் எல்லாம் இருக்கும். உங்களிடம் இருக்கும் பேக்கப் பெரும்பாலும் போட்டோ இல்லாமல் எடுத்தது.

லேப்டாப்பில் ஒரு புதிய, காலி மரத்தை உருவாக்கி இந்த மூட்டையை அதற்குள் இறக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் மரத்துக்குள் இறக்கினால் ஆட்கள் இரட்டை இரட்டையாக வந்துவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது வழி, கிராம்ப்ஸ் திறக்காவிட்டாலும் போட்டோ ஃபோல்டர் கிடைத்தால். அந்த ஃபோல்டரை உள் ஃபோல்டர்களின் அமைப்பு மாறாமல் லேப்டாப்புக்கு நகல் எடுங்கள். கிராம்ப்ஸின் விருப்பங்களில் போட்டோக்களுக்கான அடிப்படை ஃபோல்டரைக் காட்டும் இடம் இருக்கிறது. அதில் புது இடத்தைக் காட்டுங்கள். அப்பா முழு முகவரியாகப் பதிந்திருந்தால் இது போதாது. கருவிகள் பகுதியில் ‘மீடியா மேனேஜர்’ என்று ஒன்று உண்டு. எல்லாப் போட்டோக்களின் முகவரியிலும் பழைய தொடக்கத்தை நீக்கிப் புதியதைப் போட்டுவிடும். ஒருமுறை பேக்கப் எடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

போட்டோ ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால்?

வைக்கலாம். ஆனால், இயங்குதளம் மாறும்போது சில வீடுகளில் வம்பு வரும்.

லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கும் இயல்பாக அப்படித்தான். லினக்ஸில் ‘தாத்தா’ என்று சின்ன எழுத்தில் ஒரு போட்டோ, பெரிய எழுத்தில் இன்னொரு போட்டோ என்று ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால், விண்டோஸில் இரண்டுக்கும் இடம் இல்லை. ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்பட்டுவிடலாம். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். முகவரியில் சின்ன எழுத்து, ஃபைலில் பெரிய எழுத்து என்றால் போட்டோ காணோம் என்று சொல்லிவிடும்.

தமிழில் இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றின் உயிர்க்குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். முழுக் குறியையும் ஒரே எண்ணாகச் சேமிப்பது ஒரு விதம். இரண்டு துண்டுகளாகச் சேமிப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2017-ல் புதிய ஃபைல் முறை வருவதற்கு முன்பு, மேக் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பெயர்களை இரண்டு துண்டாகப் பிரித்தே வைத்துக்கொண்டிருந்தன. பழைய மேக்கிலிருந்து ‘கொடைக்கானல்’ என்ற பெயருள்ள போட்டோவை லினக்ஸுக்கு நகல் எடுத்தால், பெயர் அச்சு அசலாக அப்படியே தெரியும். ஆனால், ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று மென்பொருள் சாதிக்கும். ‘திருச்சி’ போட்டோ கிடைத்து ‘கொடைக்கானல்’ மட்டும் காணாமல்போகும் மர்மத்துக்குக் காரணம் இதுதான்.

அதனால், ஃபைல் பெயர்களுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும் போதும். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதை கிராம்ப்ஸுக்குள் தமிழிலேயே விரிவாக எழுதுங்கள். குறிப்பு இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாம் தேதியா, மூன்றாம் மாதமா?

நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால், சத்தமில்லாமல் தவறு நடக்கும் இடம் இது.

03/04/1962 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கத்தில் அது மார்ச் 4. கிராம்ப்ஸ், கம்ப்யூட்டரின் மொழி, நாடு அமைப்பைப் பார்த்துத்தான் இதைப் புரிந்துகொள்ளும். லேப்டாப் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மார்ச் 4 என்று பதிந்துவிடும்.

அப்பா ஏற்கெனவே பதிந்தவை மாறாது. உள்ளே அவை வருஷம், மாதம், நாள் என்ற ஒரே வரிசையில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். இனி நீங்கள் சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும். மாதத்தை எண்ணாக இல்லாமல் பெயராக எழுதுங்கள். அல்லது 1962-04-03 என்று வருஷத்தை முன்னால் போட்டு எழுதுங்கள். எந்தக் கம்ப்யூட்டரும் இதைத் தவறாகப் படிக்காது.

எதை எடுத்துப் போகக் கூடாது

‘மூட்டை எதற்கு, கிராம்ப்ஸ் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தால் என்ன?’ என்று சிலர் கேட்பார்கள். அந்த ஃபோல்டர் மூன்று இயங்குதளங்களிலும் வெவ்வேறு இடத்தில், மறைத்துவைக்கப்பட்ட பகுதியில்தான் இருக்கும். மறைத்துவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது அந்தக் கம்ப்யூட்டரும் அந்தப் பதிப்பும் தம் வசதிக்காக வைத்துக்கொண்டிருக்கும் கிடங்கு. இன்னோர் இயங்குதளத்தில், வேறு பதிப்பில் அது திறக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எடுத்துப் போக வேண்டியது பேக்கப் அல்லது மூட்டை ஃபைல் மட்டுமே.

வேறு குடும்ப மர மென்பொருளுக்கோ மொபைல் செயலிக்கோ மாற விரும்பினால் ‘ஜெட்காம்’ என்ற பொது வடிவம் இருக்கிறது. இந்தத் துறை மென்பொருள்கள் பெரும்பாலும் அதைப் படிக்கும். ஆனால், கிராம்ப்ஸில் எழுதிய சில விவரங்கள் அதில் விடுபடலாம். தமிழ்ப் பெயர்கள் இருப்பதால் யூடிஎஃப்-8 முறையில்தான் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிராம்ப்ஸிலிருந்து கிராம்ப்ஸுக்குப் போக ஜெட்காம் வேண்டாம்.

மண்டபத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும்

அச்சுக்குக் கொடுப்பதற்கு பிடிஎஃப் நல்லது. கிராம்ப்ஸில் பிடிஎஃப் என்பது ‘கிராஃப்விஸ்’ வழி, ‘கோஸ்ட்ஸ்கிரிப்ட்’ வழி என இரண்டு பெயர்களில் இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் இருந்த இரண்டாவது வழி லேப்டாப்பில் காணோம் என்றால் பதற வேண்டாம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் தனி மென்பொருள். விண்டோஸில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். ஒரே பெரிய படத்துக்கு முதல் வழியே போதும்.

ஃப்ளெக்ஸ் கடையில் பிடிஎஃப்பை கோரல்ட்ராவில் திறப்பார்கள். திறக்கும்போது எழுத்துகளை ‘டெக்ஸ்ட்’ ஆகக் கொண்டுவரவா, ‘கர்வ்ஸ்’ ஆகக் கொண்டுவரவா என்று அது கேட்கும். ‘கர்வ்ஸ்’ என்று சொல்லச் சொல்லுங்கள். டெக்ஸ்ட் என்றால், இத்தனை தூரம் காப்பாற்றிக் கொண்டுவந்த தமிழ், அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் ஃபாண்ட்டில் மறுபடி சிக்கிக்கொள்ளும்.

கடைக்காரர் பிஎன்ஜி படம்தான் வேண்டும் என்றால், புள்ளி அடர்த்தியை உயர்த்துங்கள். ஆறு அடி அகல பேனர் என்றால் 72 அங்குலம். அங்குலத்துக்கு 100 புள்ளி வைத்தால் 7,200 புள்ளி அகலம் வேண்டும். மிகப் பெரிய மரமாக இருந்தால், ஒரு பக்கத்தில் 32,767 புள்ளிக்கு மேல் போக முடியாது. அதைத் தாண்டினால் கிராஃப்விஸ் தானே படத்தைச் சுருக்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போய், ஓரத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் பெயரைப் படிக்கவே முடியாது. எஸ்விஜி வேண்டாம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குள்ளும் போட்டோ இருக்காது, முகவரிதான் இருக்கும். வெளியூரில் இருக்கும் தம்பியின் மொபைலில் உங்கள் லேப்டாப்பின் முகவரி எப்படிச் செல்லும்?

செய்ய வேண்டிய வரிசை

1. பழைய கம்ப்யூட்டரில் போட்டோக்களோடு சேர்த்து மூட்டை ஃபைல் எடுங்கள். பென் டிரைவில் ஒன்று, மெயிலிலோ கிளவுடிலோ ஒன்று என்று இரண்டு நகல் வையுங்கள்.

2. லேப்டாப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட்டை எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுங்கள்.

3. காலி மரத்தில் மூட்டையை இறக்குங்கள்.

4. கிராம்ப்ஸின் அறிக்கைகளில் மொத்தத் தகவல் சுருக்கம் ஒன்று உண்டு. எத்தனை ஆட்கள், எத்தனை குடும்பங்கள், எத்தனை போட்டோக்கள், காணாமல்போனவை எவை என்று சொல்லும். அதை இரண்டு கம்ப்யூட்டரிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. பிடிஎஃப் எடுத்து, முதலில் சாதாரணத் தாளில் அச்செடுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் காட்டிப் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கடைக்கு அனுப்புங்கள்.

நான்காவது படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். படம் அழகாக வந்துவிட்டது என்பது எல்லாம் வந்துவிட்டதற்குச் சாட்சி இல்லை. 214 என்ற எண்ணும் போட்டோக்களின் எண்ணிக்கையும் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒன்றாக வந்த பிறகு, அந்தப் பழைய கம்ப்யூட்டரை நிம்மதியாக ஓய்வுக்கு அனுப்புங்கள்.